இடமுறுக்கு

தேர்தல் தேதி அறிவித்த மூன்றாம் நாள்
பல்லடம் ஸ்டேஷனுக்கு அது
ஸ்கூட்டியில் வந்தது,
பூப்போட்ட போர்வை சுற்றி,
கால் வைக்கும் இடத்தில் நிமிர்ந்து.

‘தோட்டா இல்லீங்க’ என்றார் இந்திராணி.
‘எங்கப்பன் காலத்துலயே இல்லீங்க.
ஆனாலும் எலெக்சனுக்கு எலெக்சன்
கொண்டாந்து குடுத்தாகோணுமுங்களே.’

கணினிப் பட்டியலில் இதன் பெயர் இல்லை.
ஆயுதப்படையிலிருந்து என்னை அழைத்தார்கள்.

மேசையில் கிடத்தினேன்.
இழுத்துத் தள்ளும் போல்ட் கிடையாது.
விசைக்காப்புக்கு அடியில் ஒரு நெம்புகோல்.
அதைத் தாழ்த்தினால்
குழலின் பின்வாசலை அடைத்து நிற்கும் எஃகுக் கட்டை
மதகுப் பலகைபோல் இறங்குகிறது.
ஒரு தோட்டா வைத்து மேலே தள்ளு, மூடிக்கொள்ளும்.
ஒரு நேரத்துக்கு ஒன்று.
மொத்தம் பதினோரு உறுப்புகள்.
குறிபார்க்கும் தகட்டில் தூரம் செதுக்கியிருந்தது:
௱, ௨௱, ௩௱.

இருபத்தாறு வருட சர்வீஸில்
தமிழ் எண்ணில் தூரம் சொல்லும் துப்பாக்கியை
நான் கண்டதில்லை.
பத்திர ஆபீஸில் இருக்கும் மச்சினனுக்குப் படம் அனுப்பி,
நூறு என்று தெரிந்துகொண்டேன்.

உரிமத்தோடு வந்த கோப்பில் பாதிக் கதை இருந்தது.
மீதி என் ஊகம்.

யுத்தத்தின் நாலாவது வருடம்,
சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு நூல் மில்,
வெங்கிடுபதி என்றொரு டபுளிங் பிட்டர்.
சீமையிலிருந்து உதிரி வராத காலத்தில்
எல்லாவற்றையும் இங்கேயே கடைந்தவன்
இதையும் கடைந்தான்.
உடைந்த லைன் ஷாஃப்ட் குழலாயிற்று.
கிராமபோன் சுருள் விசைவில்லாயிற்று.
கட்டைக்கு ஆனைமலை ஈட்டி.
இரவு ஷிப்டில்
கொக்கி உளியைக் குழலுக்குள் விட்டு இழுத்தான்,
ஒரு புரிக்கு முன்னூறு இழுப்பு,
ஐந்து புரி.

பேல் சீட்டின் பின்புறம் பென்சிலில் எழுதியிருக்கிறான்:
‘முறுக்கில்லாத நூல் வெறும் பஞ்சு.
குண்டுக்கும் அதே.’
ஒற்றை நூலுக்கு வலமுறுக்கு,
இரட்டை நூலுக்கு இடமுறுக்கு.
அவனுக்குப் பழக்கம் இரண்டாவது.
புரி இடப்பக்கமே ஓடுகிறது.

மதுக்கரையில் பரீட்சை வைத்தார்கள், மூன்று துப்பாக்கிக்கும்.
முதல் நாள் நாற்பது குண்டும் போய்ச் சேர்ந்தன.
மறுநாள் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மழை வந்தது.
வெற்றுத்தோட்டா ஒன்று உள்ளே பிடித்துக்கொண்டது.
பென்சில் சீவும் கத்தியால் அவன் நெம்பிக்கொண்டிருக்க
துரைகள் டீ குடிக்கப் போனார்கள்.
(இந்த டீ என் சேர்க்கை.)
கடிதம் ஒரே வரி:
‘பரிசீலிக்கப்பட்டது. தேவையில்லை.’

ஒன்றாம் எண் எடைக்குப் போனது,
ஒன்பதரை ராத்தல், ரசீது இருக்கிறது.
இரண்டாம் எண் பற்றிக் கோப்பு வாய் திறக்கவில்லை.
மூன்றாவது, கடனுக்கு ஈடாக,
பஞ்சுத் தரகர் சென்னியப்பனிடம் வந்தது,
இந்திராணிக்கு அப்பாரு.
தோட்டாவின் அளவும் வெங்கிடுபதியின் சொந்த அளவு;
கடையில் கிடைக்காது.
அவன் கடைந்து கொடுத்த எண்பதும்
நிலக்கடலைக் காட்டில் பன்றி விரட்டித் தீர்ந்தன.
கடைசித் தோட்டாவை யார், எதைப் பார்த்து,
அதைக் காணோம்.
அதன்பிறகு புதுப்பித்த முத்திரைகள் மட்டும் இருபத்துமூன்று.

‘இனித் திருப்பிக் கேக்கமாட்டனுங்க,
உரிமத்த ரத்துப் பண்ணிருங்க.’
கையெழுத்துப் போட்டுவிட்டுப்
போர்வையை மட்டும் மடித்து எடுத்துக்கொண்டார்.

விதிப்படி உருக்குக்கு.
போன தடவை போனவை என்னவாயின என்று
கணபதி பவுண்டரியில் கேட்டிருந்தேன்.
‘மோட்டார் பாடிங்க’ என்றார்கள்.

தயாரிப்பாளர் என்ற கட்டம்
‘மற்றவை’ தவிர எதையும் ஏற்கவில்லை.

உருக்கப்போவதற்கு எண்ணெய் எதற்கு?
இருந்தாலும் துணி சுற்றிய கம்பியை விட்டேன்.
நான் நேராகத்தான் தள்ளினேன்.
கம்பி என் கைக்குள் திரும்பியது,
முழத்துக்கு இரண்டு சுற்று,
இடப்பக்கமாக.